ஒற்றைத் தண்டவாளத்தில் வந்த தேயிலை

'மோனோ ரயில்' என்றதும், பெருநகரங்களில் உயர்ந்த தூண்களின்மேல் மின்சாரத்தால் ஓடும் வண்டிதான் உங்கள் மனக்கண்ணில் தோன்றும். ஆனால், நம் சின்னமனூருக்கு வடமேற்கே உள்ள மலைகளுக்கு அப்பால், மூணாறில், 1902-ஆம் ஆண்டிலேயே மோனோ ரயில் ஓடியது என்று இருப்புப்பாதை வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அதை இழுத்தவை எவை தெரியுமா? மாடுகள்!

குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில்வே என்பது அதன் பெயர். தோட்டங்களின் தேயிலையை டாப் ஸ்டேஷன் வரை கொண்டுவருவது அதன் வேலை. அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியபடி சுமார் 5 கி.மீ. கீழிறங்கி, குரங்கணிக்கு அருகிலுள்ள கொட்டகுடியை அடையும். பிறகு மாட்டுவண்டியில் போடிநாயக்கனூர்.

ஒரே தண்டவாளத்தில் நிற்கும் வண்டி ஏன் கவிழவில்லை? இதற்கு 'யூயிங் முறை' என்று பெயர். வண்டியின் சிறு சக்கரங்கள் ஒரே வரிசையில் தண்டவாளத்தின்மேல் உருளும். பக்கவாட்டில் நீட்டிய சட்டத்தின் முனையில் ஒரு பெரிய சக்கரம் இருக்கும்; அது சாலையின்மேல் உருளும். நெம்புகோல் தத்துவத்தை இங்கே பொருத்திப் பாருங்கள். வண்டியும் சரக்கும் சேர்ந்து 1000 கிலோகிராம். அதன் ஈர்ப்பு மையம் தண்டவாளத்திலிருந்து 10 செ.மீ. தள்ளி இருக்கிறது, சாலைச் சக்கரம் 2 மீட்டர் தொலைவில் உள்ளது என்று வைத்துக்கொள்வோம் (இவை நானாக எடுத்துக்கொண்ட அளவுகள்). தண்டவாளத்தைப் பற்றித் திருப்புத்திறன்களைச் சமப்படுத்தினால், சாலைச் சக்கரம் தாங்கும் எடை 1000 × 10 ÷ 200 = 50 கிலோகிராம்தான். மீதி 950-ஐயும் தண்டவாளமே தாங்குகிறது. எஃகின்மேல் எஃகு உருளும்போது உராய்வு மிகக் குறைவு. ஆகவே, மண் சாலையில் இழுப்பதைவிடப் பல மடங்கு சரக்கை அதே மாடுகள் இழுத்துவிடும். சாலை ஓரத்தில் ஒரே ஒரு தண்டவாளம் போட்டால் போதும் என்பதால் செலவும் குறைவு. நல்ல யோசனைதான்!

இனி நூல்களுக்கு வருவோம். ஹியூ ஹியூஸ் என்பவர் 'இந்தியன் லோகோமோட்டிவ்ஸ்' என்ற தலைப்பில் நான்கு பாகங்கள் எழுதியிருக்கிறார். அகலப் பாதை, மீட்டர் பாதை, குறுகிய பாதை என்று பிரித்து, இந்திய இன்ஜின்களை வரிசைப்படுத்தும் அரிய உழைப்பு அது. ஆனால் மாடு இழுத்த வண்டிக்கு இன்ஜின் பட்டியலில் இடம் ஏது? எதைத் தேடி எழுதப்பட்டதோ அதைத்தான் ஒரு நூல் காட்டும்.

இன்னொன்று. மூணாற்றுத் தேயிலை போடிக்கு வந்து, அங்கே 'ரயிலேறி'த் துறைமுகம் சென்றது என்று சில இடங்களில் எழுதியிருப்பதைக் காணலாம். படித்தவுடன் நம்பத் தோன்றும். ஆண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். மாட்டு ரயில் 1902-இல் தொடங்கியது. 1908-இல் அதை எடுத்துவிட்டு, 2 அடி அகலத்தில் இரட்டைத் தண்டவாளப் பாதை போட்டார்கள். 1924 ஜூலை வெள்ளம் அந்தப் பாதையை அடியோடு அழித்தது. மதுரை–போடி ரயில் பாதையோ 1928-இல்தான் திறக்கப்பட்டது! அப்படியானால், மலை ரயில் ஓடிய காலம் முழுவதும் போடியில் ரயில் நிலையமே இல்லை. தேயிலை இன்னும் நெடுந்தூரம் சாலை வழியே சென்றிருக்க வேண்டும். அம்மையநாயக்கனூர், அதாவது இன்றைய கொடைரோடு வரை சென்றதா? அதற்கு முன்பு பெரியாறு அணைக்கான பொருள்கள் ரயிலிலிருந்து இறங்கி வண்டியேறியது அங்கேதான். இதைத் துலக்க வேண்டியவர்கள் நம் பள்ளத்தாக்கின் மாணவர்களே அல்லவா? பழைய வண்டிக்காரக் குடும்பங்கள் இருந்தால் விசாரியுங்கள்.

இதே யூயிங் முறையில் பஞ்சாபின் பாட்டியாலாவில் 1907 முதல் 1927 வரை ஒரு ரயில் ஓடியது. அதன் நீராவி இன்ஜின் ஒன்று புதுதில்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தில்லி செல்லும் வாய்ப்புக் கிடைத்தால், அந்தப் பக்கச் சக்கரத்தைக் குனிந்து பாருங்கள். அது தண்டவாளத்திலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று ஒரு குறிப்பும் எடுத்துக்கொள்ளுங்கள்.