டைட்டில் ஓடும் இரண்டு நிமிடத்தில் இத்தனை அதிசயமா!

'எழுத்து போடட்டும், மெதுவாகப் போகலாம்' என்று பாப்கார்ன் வாங்க நிற்கிறவரா நீங்கள்? அந்த இரண்டு நிமிடத்தில் எதையெல்லாம் கோட்டை விடுகிறீர்கள் தெரியுமா? யார் பெயர் எப்போது வரவேண்டும் என்பதற்கு விதி இருக்கிறது. எந்த உயரத்தில் வரவேண்டும் என்பதற்குப் போட்டி இருக்கிறது. விதியை மீறினால் அபராதமும் உண்டு!

திரையை விலக்கச் சொல்லி ஒரு சீட்டு!

ஒரு காலத்தில் அமெரிக்கத் தியேட்டர்களில் பெயர்கள் மூடிய திரைச்சீலையின் மேலேயே ஓடி முடிந்துவிடும். கதை தொடங்கும்போதுதான் சீலை விலகும். 1955-ல் 'தி மேன் வித் த கோல்டன் ஆர்ம்' படப்பெட்டிகளோடு ஆபரேட்டர்களுக்கு ஒரு குறிப்பும் போனது: 'டைட்டிலுக்கு முன்பே திரையை விலக்குங்கள்!' அந்த டைட்டிலை உருவாக்கியவர் சால் பாஸ். போதைக்கு அடிமையான ஒருவனின் கதை அது. கறுப்புப் பின்னணியில் வெள்ளைப் பட்டைகள் ஒவ்வொன்றாக நீளும். கடைசியில் அவை கோணலாக முறுக்கிய ஒரு கையாக மாறும். ஒரு நடிகரின் முகம்கூட இல்லாமல் கதையின் வலி முழுவதும் அங்கேயே வந்துவிடும்!

அதே சால் பாஸ் 1958-ல் ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ'வுக்கு டைட்டில் செய்தார். கண்ணுக்குள்ளிருந்து சுழன்று வரும் அந்தச் சுருள்களை வரைய, அவரோடு வேலை செய்த ஜான் விட்னி எதைப் பயன்படுத்தினார் தெரியுமா? இரண்டாம் உலகப்போரில் விமான எதிர்ப்புப் பீரங்கிகளுக்குக் குறி கணக்கிட்டுக் கொடுத்த இயந்திரத்தை! போர்க்கருவி ஓவியனாகிவிட்டது!

இயக்குநர் பெயர் ஏன் கடைசியில்?

தொடக்க டைட்டிலில் இயக்குநர் பெயர் கடைசியாக, முதல் காட்சிக்குச் சற்று முன்னால்தான் வரும். ஹாலிவுட்டில் இது இயக்குநர் சங்கத்தின் விதி. நம் படங்களிலும் அதுவே வழக்கம். 1980-ல் வந்த 'தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்' படத்தில் இயக்குநர் இர்வின் கெர்ஷ்னரின் பெயரை, கதையை உருவாக்கிய ஜார்ஜ் லூகாஸ் படத்தின் முடிவில் போட்டார். சங்கம் அபராதம் விதித்தது. லூகாஸ் பணத்தைக் கட்டினார், சங்கத்திலிருந்தே விலகிவிட்டார்! விண்வெளியில் மஞ்சள் எழுத்துகள் ஊர்ந்து மறையும் அந்தப் புகழ்பெற்ற தொடக்கத்தை விட்டுக்கொடுக்க அவர் தயாராக இல்லை. 1977-ல் இந்த வரிசையின் முதல் படமான 'ஸ்டார் வார்ஸ்'க்கு அதை எப்படி எடுத்தார்கள்? கணினியால் அல்ல! சுமார் 6 அடி நீளப் பலகையில் எழுத்துகளைப் பதித்து, அதன்மேல் கேமராவை மெல்ல நகர்த்தி எடுத்தார்கள்!

யார் பெயர் முதலில்?

1974-ல் 'தி டவரிங் இன்ஃபெர்னோ'வில் ஸ்டீவ் மெக்வீன், பால் நியூமன் என இரண்டு உச்ச நட்சத்திரங்கள். யாரை முதலில் போடுவது? மெக்வீன் பெயர் இடப்பக்கம், ஆனால் கீழே. நியூமன் பெயர் வலப்பக்கம், ஆனால் சற்று மேலே! இடமிருந்து படித்தால் அவர் முதல், மேலிருந்து படித்தால் இவர் முதல். இரண்டு பேருக்குமே முதலிடம்!

துப்பாக்கிக் குழாயில் இருந்தது யார்?

வெள்ளைப் புள்ளிகள் நகரும், துப்பாக்கிக் குழாய்க்குள் ஒருவர் நடந்து வருவார், திரும்பிச் சுடுவார். 1962-ல் 'டாக்டர் நோ'வுக்காக மாரிஸ் பைண்டர் படைத்த ஜேம்ஸ் பாண்ட் தொடக்கம் இது. முதல் மூன்று படங்களில் அப்படி நடந்து வருகிறவர் பாண்டாக நடித்த ஷான் கானரி அல்ல, சண்டைக் கலைஞர் பாப் சிம்மன்ஸ்! அந்தத் தொடக்கம் தந்த உந்துதலில்தான் 1992-ல் 'அண்ணாமலை'க்காக இயக்குநர் சுரேஷ் கிருஷ்ணா ஒரு டைட்டில் கார்டு செய்தார். தேவாவின் இசையோடு, புள்ளி புள்ளியாக, ஓர் எழுத்துக்குப் பின் இன்னோர் எழுத்தாக 'சூப்பர் ஸ்டார்' திரையில் விரியும். ரஜினி முகம் காட்டுவதற்கு முன்பே தியேட்டர் அதிரும் வழக்கம் இந்தக் கார்டோடு சேர்ந்தே வளர்ந்தது!

டைட்டிலில் பிறந்த நட்சத்திரம்!

1963-ல் வந்த 'தி பிங்க் பேந்தர்' கதையில் சிறுத்தையே கிடையாது. அது ஒரு வைரத்தின் பெயர்! டைட்டிலுக்காக மட்டும் வரைந்த இளஞ்சிவப்புச் சிறுத்தை எல்லோருக்கும் பிடித்துப்போய், தனிக் கார்ட்டூன் நாயகனாகிவிட்டது. அதன் முதல் கார்ட்டூனே ஆஸ்கர் வென்றது!

எழுத்தே இல்லாத டைட்டிலும் உண்டு. புத்தகங்களை எரிக்கும் உலகத்தைக் காட்டும் 'ஃபாரன்ஹீட் 451' படத்தில் (1966), இயக்குநர் த்ரூஃபோ எல்லாப் பெயர்களையும் குரலால் சொல்ல வைத்தார். படிப்பது குற்றமான ஊரில் திரையில் மட்டும் எழுத்து எப்படி வரும்?

பார்த்தீர்களா? டைட்டில் என்பது படத்துக்கு முந்தைய இடைவேளை அல்ல. படமே அங்கேதான் தொடங்குகிறது. பல மாதம் உழைத்த உதவி இயக்குநருக்கும் ஒப்பனைக் கலைஞருக்கும் திரையில் கிடைப்பது அந்தச் சில நொடிகள்தான். அடுத்த முறை தணிக்கைச் சான்றிதழ் திரையில் தெரியும்போதே இருக்கையில் அமர்ந்துவிடுங்கள். அந்தப் பெயர்களை ஒன்றுவிடாமல் படியுங்கள்!