செல்போன் விலை 10 ஆயிரம். ரீசார்ஜ் செலவு அதற்கும் மேல்!

ஸ்ரீபெரும்புதூர்,

சம்பள நாள் வந்துவிட்டால் சுங்குவார்சத்திரத்திலும் ஒரகடம் கூட்ரோட்டிலும் செல்போன் கடைகள் களைகட்டும். ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்சை விட்டு இறங்குகிறவர்கள் கடைக்காரரிடம் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்.

"அண்ணே, பத்தாயிரத்துக்குள்ள நல்ல போன் இருக்கா?"

செல்போன் தயாராகிற ஊர் இது. 2006-ல் நோக்கியா ஆலை இங்கே ஓடத் தொடங்கியது. 2014 நவம்பரில் அது மூடப்பட்டது. இப்போது பாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் தயாராகிறது. வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்காக 18 ஆயிரத்து 720 பேர் தங்கும் விடுதியே 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. பகலெல்லாம் விலை உயர்ந்த போனை பூட்டும் கைகள், சாயங்காலம் மலிவு போனை புரட்டிப் பார்க்கின்றன!

ரீசார்ஜ் கணக்கு

போன் விலையை பேரம் பேசுகிற பலர், சிம் கார்டு செலவை கணக்குப் பார்ப்பது இல்லை. பணம் கரைவது அங்கேதான்.

2024 ஜூலையில் தனியார் கம்பெனிகள் கட்டணத்தை ஏற்றின. ஜியோவில் ரூ.239-க்கு இருந்த 28 நாள் திட்டம் ரூ.299 ஆனது. 28 நாள் என்பது ஒரு மாதம் அல்ல. வருஷத்துக்கு 12 தடவை அல்ல, 13 தடவை பணம் கட்ட வேண்டும். ஆக ரூ.3 ஆயிரத்து 887. மூன்று வருஷத்துக்கு ரூ.11 ஆயிரத்து 661. போன் விலையை மிஞ்சிவிட்டது!

30 நாள் திட்டம் ஒன்றாவது வைத்திருக்க வேண்டும் என்று டிராய் 2022-லேயே உத்தரவு போட்டது. ஆனால் கேட்டால்தான் கிடைக்கும்.

இன்டர்நெட் வேண்டாம், பேசினால் போதும் என்பவர்களுக்கு தனி திட்டம் கொடுக்கவும் 2024 டிசம்பரில் டிராய் சொன்னது. அதன்படி 2025 ஜனவரியில் ஏர்டெல் 365 நாளைக்கு ரூ.1,849 என்று அறிவித்தது. மேலே சொன்ன கணக்கோடு ஒப்பிட்டால் ரூ.2 ஆயிரம் மிச்சம். ஊரில் அம்மாவுக்கு மளிகைக்கு ஆகும்.

தங்கும் இடத்தில் வை-பை இருந்தால்தான் இது சரிப்படும். இல்லாவிட்டால் டீக்கடையில் க்யூ.ஆர். அட்டை முன்னால் முழிக்க வேண்டியதுதான்.

டவர் கிடைக்குமா?

விளம்பரத்தைப் பார்த்து கம்பெனியை முடிவு செய்யக் கூடாது. அறையில் உடன் தங்கி இருப்பவர்களிடம் வேறு வேறு சிம் இருக்கும். கட்டிலில் உட்கார்ந்தபடி அவர்கள் போனில் பேசிப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். ஊரில் உள்ளவர்களிடமும் அங்கே எது எடுக்கிறது என்று விசாரிக்க வேண்டும். இங்கே நாலு கோடு காட்டுகிற சிம், செய்யாறு பக்கம் கிராமத்தில் செத்துப்போகலாம்.

இன்னொரு விஷயம். ஜியோவுக்கு 2ஜி கிடையாது. அந்த சிம்மை அம்மாவின் பழைய பட்டன் போனில் போட்டால் வேலை செய்யாது.

போனில் என்ன பார்ப்பது?

கேமரா எண்ணிக்கையில் மயங்க வேண்டாம். எத்தனை வருஷம் பாதுகாப்பு அப்டேட் வரும், கண்ணாடி உடைந்தால் மாற்ற என்ன செலவு, சர்வீஸ் சென்டர் பக்கத்தில் இருக்கிறதா என்று கேட்பதே புத்திசாலித்தனம்.

5ஜி போன் வாங்கினால் உடனே அளவில்லாத 5ஜி வந்துவிடாது. 2024 ஜூலையில் ஜியோ, தினம் 2 ஜி.பி. அல்லது அதற்கு மேல் உள்ள திட்டங்களுக்கு மட்டும்தான் அதை கொடுத்தது.

பழைய போன் வாங்குவோர் ஏமாறுவது உண்டு. திருட்டுப் போனாக இருந்தால் பணமும் போய், போலீஸ் நிலையத்துக்கும் நடக்க வேண்டி வரும். ஸ்டார், ஹேஷ், 06, ஹேஷ் என்று அழுத்தினால் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் திரையில் வரும். 'கே.ஒய்.எம்.' என்று ஆங்கிலத்தில் டைப் செய்து, இடம் விட்டு அந்த எண்ணைப் போட்டு 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் முடக்கப்பட்ட போனா என்று தெரியும். பில்லும் கேட்டு வாங்க வேண்டும்.

நம்பரை விடாதீர்கள்

கம்பெனி பிடிக்கவில்லை என்று சிம்மை தூக்கிப் போட்டு புது நம்பர் வாங்குகிறார்கள் சிலர். இது பெரிய தொல்லை. பேங்க், ஆதார், பி.எப். எல்லாவற்றின் ஓ.டி.பி.யும் பழைய நம்பருக்குத்தான் போகும். வேலையை விட்டு பி.எப். பணம் எடுக்கும்போதுதான் அந்த வேதனை தெரியும்.

நம்பரை மாற்றாமல் கம்பெனியை மாற்றலாம். நாடு முழுவதும் 2011 ஜனவரியில் இருந்து இந்த வசதி இருக்கிறது. 'போர்ட்' என்று ஆங்கிலத்தில் டைப் செய்து, இடம் விட்டு நம்பரைப் போட்டு 1900-க்கு அனுப்பினால் ஒரு கோடு வரும். அது 4 நாள் செல்லும். அதற்குள் ஆதாருடன் புது கம்பெனி கடைக்குப் போக வேண்டும். சிம் எடுத்து 90 நாள் ஆகி இருக்க வேண்டும். பழைய சிம்மில் மீதி இருக்கும் பேலன்ஸ் போய்விடும் என்பதால், பேக் முடிகிற கடைசி நாட்களில் மாறுவது நல்லது.