விளக்கை அணைத்ததும் ஒளிர்ந்த கார்ப்பெட்

விளக்கை அணைத்தாச்சு. ஜன்னல் திரையையும் இழுத்து விட்டாச்சு. சத்தம் போடாமல் என் பின்னால் வாருங்கள், ஒரு அதிசயம் காட்டுகிறேன்!

இடம்: மேலகரம். தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில், குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர். சித்திரை மாதத்து ராத்திரி, மணி ஒன்பதரை. அத்தை வீட்டு ஹாலில் நானும் அத்தையும் முட்டி போட்டுத் தவழ்ந்துகொண்டிருக்கிறோம். என் கையில் கள்ளநோட்டுப் பார்க்கிற புற ஊதா டார்ச். அத்தை கையில் ஒரு சாக்பீஸ் துண்டு.

தரையில் விரிந்து கிடப்பது மாமா துபாயிலிருந்து வரும்போது கட்டிக்கொண்டு வந்த சிவப்புக் கார்ப்பெட். குற்றாலச் சீசனுக்கு மாடியில் இரண்டு அறைகளை வாடகைக்கு விடுவார்கள். வருகிறவர்கள் முதலில் கால் வைப்பது இந்தக் கார்ப்பெட்டில்தான். வெள்ளையன் மூத்திரம் போவதும் இதில்தான். வெள்ளையன், மூன்று வயதுக் கடுவன் பூனை.

"பங்குனி சித்திரையில ஒரு நாத்தமும் இருக்காதுட்டி. ஆனியில மொத சாரல் விழவும் குப்புனு கெளம்பும். வாறவுக எல்லாம் மூக்கப் பொத்துதாவ" என்று அத்தை போனில் சொன்ன அன்றே எனக்குப் பரபரப்பு தொற்றிக்கொண்டது. கார்ப்பெட்டுக்கு உள்ளே என்னமோ ஒளிந்துகொண்டு சாரலுக்காகக் காத்திருக்கிறது! அதை நேரில் பார்க்காமல் எப்படி விடுவது?

காய்ந்த மூத்திரம் புற ஊதா ஒளியில் ஒளிரும். டார்ச்சைத் தட்டினேன். ஐயோ, அந்தக் காட்சி! கொடியில் கிடந்த மாமாவின் வேட்டி நீலமாய்ப் பளீரென்று எரிந்தது. சலவைத் தூளில் வெண்மைக்காகச் சேர்க்கும் பொருள் செய்கிற வேலை அது. கார்ப்பெட்டின் ஓரத்தில் பச்சை கலந்த மஞ்சளாய் ஒரு திட்டு. "இந்தா இருக்கு!" என்று கத்தினேன். அத்தை குனிந்து முகர்ந்து பார்த்து, "போட்டி, இது சாம்பார்" என்றாள். மஞ்சள்தூளும் புற ஊதா ஒளியில் ஒளிரும் என்பதை அந்த நொடியில்தான் நேரில் கண்டேன். ஆகவே டார்ச்சை மட்டும் நம்பக்கூடாது. ஒளிர்கிற ஒவ்வொரு திட்டையும் மூக்கும் ஆமோதிக்க வேண்டும். அப்படி ஆமோதித்த இடங்களைச் சுற்றி அத்தை சாக்பீஸால் வட்டம் போட்டாள். எண்ணி முடித்தபோது பதினொன்று.

இனிமேல்தான் உச்சக்கட்டம். கார்ப்பெட்டைப் புரட்டினோம்! மேலே உள்ளங்கை அகலம் இருந்த திட்டு, அடியில் தாம்பாளம் அகலத்துக்குப் பரந்திருந்தது. காரணம் எளிது. மேலே இருக்கும் மயிர் பாலிபுரோப்பிலீன். அது ஈரம் குடிக்காது. மூத்திரம் அதன் வழியே வழுக்கிக்கொண்டு கீழே இறங்கி, அடியில் இருக்கும் சணல் நெசவில் போய் நன்றாக ஊறிவிடுகிறது. இத்தனை வருஷமும் அத்தை மேலே மேலே துடைத்துக்கொண்டிருந்தாள். குடித்தவனோ கீழே படுத்திருந்தான். கார்ப்பெட்டுக்கும் கீழே மொசைக் தரை. சிமென்ட் பிடித்த இடங்களில் அதுவும் கொஞ்சம் குடித்திருந்தது.

அந்த மூத்திரத்துக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தால் இன்னும் வியப்பாக இருக்கும். பூனையின் முன்னோர் வறண்ட நிலத்துக் காட்டுப்பூனைகள். அதனால் அதன் சிறுநீரகம் தண்ணீரை மிச்சம் பிடித்து, மூத்திரத்தைக் கெட்டியாக்கி அனுப்பும். அதில் இருக்கும் யூரியாவைக் கிருமிகள் உடைக்கும்போது அமோனியா எழும். அது எல்லா மூத்திரத்துக்கும் பொது. பூனைக்கே உரிய சங்கதி வேறு. 1953-ல் வெஸ்டால் என்ற ஆய்வாளர் பூனை மூத்திரத்திலிருந்து கந்தகம் கொண்ட ஓர் அமினோ அமிலத்தைப் பிரித்தெடுத்தார். அதன் பெயர் ஃபெலினின். ஃபெலினினுக்கு மணமே கிடையாது! அது நாள்பட நாள்படச் சிதைந்து கந்தகச் சேர்மங்களை அவிழ்த்து விடுகிறது. அந்த வீச்சம்தான் "இது பூனை" என்று நமக்குச் சொல்கிறது. காக்சின் என்ற புரதம்தான் ஃபெலினின் உருவாக வழி செய்கிறது என்று ஜப்பானின் மசாவோ மியாசாகி குழு 2006-ல் காட்டியது. கருத்தடை செய்யாத கடுவனிடம் இரண்டும் ஏராளம்.

சரி, சாரலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? காய்ந்த மூத்திரத்தின் உப்புகள் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். வெயில் காலத்தில் அவை தூங்கும். தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியாக நுழைந்து, குற்றாலப் பேரருவியில் தண்ணீர் கொட்டி, தென்காசிக் கோயில் வாசலில் காற்று ஆளைத் தள்ளத் தொடங்கியதும், அந்த உப்புகள் நனைந்து எழுந்துவிடும். கூடவே வீச்சமும் எழும். ஊரே கொண்டாடுகிற அந்தச் சாரல்தான் கார்ப்பெட்டுக்குள் தூங்குவதைத் தட்டி எழுப்புகிறது. ஆகவே வேலையைச் சித்திரை வெயிலிலேயே முடித்துவிட வேண்டும். ஆனியில் நனைத்த கார்ப்பெட் காயவே காயாது, பூஞ்சைதான் பிடிக்கும்.

மறுநாள் காலையில் ஏழு மணிக்கே தொடங்கிவிட்டோம். அத்தை முதல் காரியமாகக் கொல்லையிலிருந்து பினாயிலைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பாய்ந்து போய் வாங்கி வைத்தேன். பினால் வகைப் பொருள்களை முறித்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகவும் குறைவு. பூனை அதில் நடக்கும், பிறகு பாதத்தை நக்கும், விஷம் உள்ளே போகும். குற்றாலத்துக் கடைகளில் ஆசையாக வாங்கி வருகிற யூகலிப்டஸ் தைலம், புல் தைலம் இவற்றைத் தெளிப்பதும் அதே ஆபத்துதான். அந்துருண்டையும் ஆகாது. பிளீச்சிங் பவுடரோ வேறு சங்கதி: மூத்திரத்தின் அமோனியாவோடு சேர்ந்தால் குளோரமின் என்ற நச்சுப்புகை கிளம்பும், அது மனிதருக்கே கெடுதல். கொதிநீரும் நீராவியும் வேண்டாம். சூடு பட்டால் கறையும் வீச்சமும் நாரில் இறுகிவிடும்.

பிறகு என்னதான் செய்தோம்? மொட்டை மாடியில் கார்ப்பெட்டைக் கவிழ்த்துப் போட்டு, வட்டம் போட்ட இடங்களில் பச்சைத்தண்ணீர் ஊற்றினோம். பழைய வேட்டியை நாலாய் மடித்து அதன் மேல் வைத்து ஏறி நின்றோம். தேய்க்கவே இல்லை, ஒற்றி எடுத்ததுதான். வேட்டி பழுப்பாய் வந்தது. இன்னொரு தடவை, இன்னொரு தடவை. ஐந்தாவது தடவை நிறமே இல்லாமல் வந்தபோது அத்தை முகத்தில் வந்த சிரிப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்!

அடுத்து, நான் திருநெல்வேலியில் செல்லப்பிராணிக் கடையில் வாங்கி வந்த என்சைம் திரவம். இதில் எல்லோரும் செய்கிற தவறு, ரோஸ் வாட்டர் மாதிரி மேலே தெளிப்பது. மூத்திரம் எவ்வளவு தூரம் போயிருக்கிறதோ அவ்வளவு தூரம் திரவமும் போக வேண்டும். சணல் நனைய நனைய ஊற்றி, உடனே காயாதபடி பிளாஸ்டிக் தாள் போட்டு மூடி, கார்ப்பெட்டை நிழலுக்கு இழுத்து ஒரு நாள் விட்டோம். என்சைமுக்கு ஈரமும் நேரமும் வேண்டும். அவசரப்பட்டு அதன் மேல் வினிகரோ சோப்போ ஊற்றினால் அதன் வேலை கெட்டுப்போகலாம். பிறகு இரண்டு நாள் முழு வெயில்.

மூக்குப் பரிசோதனையில் பதினொன்றில் ஒன்பது தேறின. இரண்டு அடம்பிடித்தன. அவற்றுக்காக நான் பத்திரமாக வைத்திருந்த கடைசி வித்தையைச் சொல்கிறேன், கேளுங்கள். 1993-ல் அமெரிக்காவின் இலினாயில் பால் கிரெபாம் என்ற வேதியியலாளர், ஸ்கங்க் என்ற பிராணி பீய்ச்சுகிற நாற்றத்தைப் போக்க ஒரு கலவையை வெளியிட்டார். 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு ஏறத்தாழ ஒரு லிட்டர், கால் கப் ஆப்ப சோடா, ஒரு தேக்கரண்டி திரவ சோப்பு. ஸ்கங்க் நாற்றமும் கந்தகச் சேர்மம், பூனை வீச்சமும் கந்தகச் சேர்மம்! பெராக்சைடு விடுகிற ஆக்சிஜன் இரண்டையும் மணமற்றதாக மாற்றிவிடும். நம் மருந்துக் கடையில் கிடைக்கும் பெராக்சைடு பெரும்பாலும் 6 சதவீதம். லேபிளைப் பார்த்துவிட்டு அதே அளவு தண்ணீர் சேர்க்க வேண்டும். கலந்த உடனே பயன்படுத்த வேண்டும். மிச்சத்தைப் பாட்டிலில் மூடி வைத்தால் வாயு சேர்ந்து வெடிக்கும். சாயமும் வெளுக்கலாம் என்பதால் முதலில் கண்ணுக்குத் தெரியாத மூலையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தோம். பத்தமடைக் கோரைப் பாயில் இதை ஊற்றவே கூடாது, அதன் நிறம் போனால் போனதுதான். அரைமணி நேரம் நுரைக்க விட்டு, தண்ணீரால் ஒற்றி எடுத்து, மறுபடி வெயில்.

மொசைக் தரைக்கு என்சைம் மட்டுமே போட்டோம். வினிகரும் எலுமிச்சையும் மொசைக்கில் இருக்கும் சலவைக்கல்லை அரித்துவிடும்.

இத்தனைக்கும் முன்னால் ஒரு காரியம் செய்திருந்தோம். வெள்ளையனைக் கால்நடை மருத்துவரிடம் காட்டினோம். மூத்திரப்பையில் கல்லோ புண்ணோ இல்லை. கருத்தடை ஆனது. மாடிக்குப் புதிய ஆட்கள் வந்து போவதுதான் அவனை எல்லை குறிக்கத் தூண்டியிருக்கிறது. கண்ட இடத்தில் போகிற பூனையை யாரும் அடிக்காதீர்கள், அது நோயின் முதல் அடையாளமாக இருக்கலாம். முக்கியமாக, ஆண் பூனை திரும்பத் திரும்ப உட்கார்ந்து முக்கியும் சொட்டு வரவில்லை என்றால் அன்றைக்கே, அந்த மணியே மருத்துவரிடம் ஓடுங்கள். அடைப்பு ஓரிரு நாளில் உயிரை எடுத்துவிடும்.

ஆனி இரண்டாவது வாரம் அத்தையிடமிருந்து போன். "ஏட்டி, சாரல் விழுந்து மூணு நாளாச்சு. மாடிக்கு ஆளு வந்தாச்சு. கார்ப்பெட்டுல ஒண்ணும் இல்ல, ஈர மண்ணு வாசந்தான் வருது. இந்தப் பய அதுமேலதான் தூங்குதான்."

உங்கள் வீட்டிலும் பூனை இருந்து, சாரல் வந்தால் வீச்சம் கிளம்புகிறது என்றால், திட்டுகளைத் தேட அடுத்த சித்திரைக்குக் காத்திருக்க வேண்டாம். இன்று ராத்திரியே விளக்கை அணைத்து, புற ஊதா டார்ச்சைத் தட்டி, கார்ப்பெட்டின் ஒரு மூலையைத் தூக்கி, அடிப்பக்கத்தைப் பாருங்கள்.