விளையாட்டுக் கணினிக்கு எந்தக் காவல்?

கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்து வளர்ந்த நமக்குத் திராட்சைத் தோட்டத்தைப் பற்றி எவரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. இலையில் அடிச்சாம்பல் நோய் படர்ந்த பிறகு மருந்துக் கடைக்கு ஓடுகிறவரைவிட, கவாத்து முடிந்து தளிர் விடும்போதே மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையை அடித்து வைக்கிறவரே நிறைந்த பழம் பறிக்கிறார். 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற நம் பன்னீர்த் திராட்சைக்கு உள்ள இந்த விதி, வீட்டு மேசைமேல் இருக்கும் கணினிக்கும் பொருந்தும் என்பதை இந்த ஆண்டு நாங்கள் அறிந்துகொண்டோம். அறிந்த விதம்தான் சற்று வருத்தமானது.

நாங்கள் மேல்நிலை இரண்டாம் ஆண்டில் கணினி அறிவியல் பயிலும் மாணவியர். எங்களுள் ஒருத்தியின் அண்ணன் கோவையில் பொறியியல் படிக்கிறார். அவருக்காக அப்பா, ஏலக்காய் விற்ற பணத்தில் ஒரு கேமிங் லேப்டாப் வாங்கிக் கொடுத்திருந்தார். விடுமுறைக்கு அண்ணன் ஊருக்கு வந்தால் அது வீட்டுக் கணினியாகிவிடும். அப்பா தம் தோட்டக் கணக்கையும், போடிநாயக்கனூர் மின் ஏலத்தில் கிடைத்த விலை விவரங்களையும் அதில்தான் ஏற்றி வைத்தார். எங்கள் வகுப்பின் செயல்திட்ட அறிக்கையும் அதில்தான் இருந்தது.

பொங்கல் விடுமுறையில் நண்பர் ஒருவர் பென் டிரைவில் கார்ப்பந்தய விளையாட்டு ஒன்றைக் கொடுத்தார். விலை கொடுத்து வாங்க வேண்டியதை, பூட்டை உடைத்து இலவசமாக்கிய ‘கிராக்’ படி அது. அதனுடன் வந்த குறிப்பில், நிறுவுவதற்கு முன் ஆன்டிவைரஸை நிறுத்திவிடும்படி எழுதியிருந்தது. அண்ணன் நிறுத்தினார். விளையாட்டு நன்றாகவே ஓடியது. இரண்டாம் நாள் காலையில் ஒரு கோப்பும் திறக்கவில்லை. கணக்குகள், படங்கள், எங்கள் அறிக்கை எல்லாவற்றின் பெயருக்கும் பின்னால் புரியாத எழுத்துகள் ஒட்டியிருந்தன. திரையில், பணம் கொடுத்தால் திறந்து தருவதாக ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு. செருகியபடியே இருந்த பென் டிரைவில் நாங்கள் வைத்திருந்த மறுபடியும் அவ்வாறே பூட்டப்பட்டிருந்தது.

அந்த வீட்டில் தப்பியது ஒன்றே ஒன்று. அம்மா தினமும் கூலியும் வரவும் எழுதி வந்த நீளமான கணக்கு நோட்டு. மூன்று ஆண்டுக் கணக்கை அப்பா அதிலிருந்துதான் மீண்டும் எடுத்தார். எங்கள் அறிக்கையை முதலிலிருந்து எழுதினோம். “அப்படியானால் எந்த ஆன்டிவைரஸ் வாங்குவது?” என்று அந்த வீட்டில் எழுந்த கேள்வியை எங்கள் கணினி ஆசிரியையான சிஸ்டரிடம் கொண்டு சென்றோம். படித்தும் கேட்டும் நாங்கள் தெரிந்துகொண்டதை இங்கே தருகிறோம்.

வைரஸ் என்பது யாது?

1983-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் ஃபிரெட் கோஹன் என்ற ஆய்வு மாணவர், பிற நிரல்களுக்குள் புகுந்து தன்னைத்தானே படியெடுத்துக்கொள்ளும் சிறு நிரல் ஒன்றைச் செய்து காட்டினார். அதற்கு ‘வைரஸ்’ என்ற பெயரைச் சொன்னவர் அவருடைய பேராசிரியர் லெனார்டு ஏடில்மன். 1986-இல் லாகூரைச் சேர்ந்த சகோதரர் இருவர் எழுதிய ‘பிரெய்ன்’ வைரஸ், நெகிழ்வட்டுகளின் வழியே நாடு விட்டு நாடு சென்றது. தாங்கள் எழுதிய மென்பொருளை அனுமதியின்றிப் படியெடுப்போரைக் கண்டறியவே அதை எழுதியதாக அவர்கள் பின்னர் கூறினார்கள். ஆக, திருட்டுப் படிக்கும் வைரசுக்கும் உள்ள உறவு நாம் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே தொடங்கியது.

கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வகைக்கு ‘ரேன்சம்வேர்’ என்று பெயர். 2017 மே மாதத்தில் ‘வான்னகிரை’ என்னும் இவ்வகை நிரல் சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளைத் தாக்கியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அதற்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில், வெளியிட்டிருந்தது. திருத்தத்தை ஏற்காமல் தள்ளிப் போட்டவர்களே பெரும்பாலும் அகப்பட்டனர்.

காவலன் செய்யும் வேலை

ஆன்டிவைரஸ் இரண்டு விதமாகக் காவல் புரிகிறது. ஒன்று, அடையாளம் பார்த்தல். இதுவரை பிடிபட்ட கெட்ட நிரல்களின் அடையாளங்களைப் பட்டியலாக வைத்துக்கொண்டு, வரும் கோப்பை அதனுடன் ஒப்பிடுவது. இப்பட்டியல் நாள்தோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். மற்றொன்று, நடத்தை பார்த்தல். முன்பின் தெரியாத நிரல் ஒன்று விறுவிறுவென்று நூற்றுக்கணக்கான கோப்புகளை மாற்றத் தொடங்கினால், அதன் பெயர் தெரியாவிட்டாலும் தடுத்து நிறுத்துவது. கிராக் விளையாட்டுகளோடு வருபவை அடிக்கடி வேடம் மாறுவதால் இந்த இரண்டாவது காவல் மிகவும் தேவை.

இப்பணிக்கு மத்திய செயலியின் உழைப்பும் வட்டின் உழைப்பும் வேண்டும். கேமிங் லேப்டாப்பில் படங்களை வரைவதற்கென்றே தனிச் சில்லு உண்டு. விளையாட்டு ஓடும்போது இயந்திரம் சூடாகி, விசிறி இரைச்சலிட, அதன் முழு ஆற்றலும் செலவாகிக்கொண்டிருக்கும். அந்நேரத்தில் ஆன்டிவைரஸ் முழுச் சோதனையைத் தொடங்கினால் படம் தடங்கித் தடங்கி நகரும். விளையாடுகிறவர் எரிச்சலில் காவலையே நிறுத்திவிடுகிறார். ஆகவே இக்கணினிக்கு உகந்த காவல் எது? வல்லமையோடு, யாரும் நிறுத்தத் தூண்டாத அளவுக்கு இலேசாகவும் இருப்பது எதுவோ, அதுவே.

தேர்ந்தெடுக்கும் முறை

1. முதலில் வீட்டில் இருப்பதைப் பாருங்கள். 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல், விண்டோஸுடனேயே டிஃபெண்டர் என்னும் ஆன்டிவைரஸ் வருகிறது. தனிக் கட்டணமில்லை. புதுப்பித்து வந்தால் பெரும்பாலான வீடுகளுக்கு இதுவே போதும். ஆனால் விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாள் முடிந்துவிட்டது என்பதை நினைவில் கொள்க.

2. வேறு வாங்க விரும்பினால், விளம்பரத்தைப் பார்க்காமல் தேர்வு முடிவைப் பாருங்கள். ஜெர்மனியின் மாக்டபுர்க் நகரிலுள்ள ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக்கிலுள்ள ஏவி-கம்பேரட்டிவ்ஸ் ஆகிய இரு கூடங்கள் இவற்றைச் சோதித்து முடிவுகளை இலவசமாக வெளியிடுகின்றன. ஏவி-டெஸ்ட் மூன்று பாடங்களுக்கு மதிப்பெண் தருகிறது: பாதுகாப்பு, வேகம், பயன்படுத்தும் எளிமை. ஒவ்வொன்றுக்கும் 6, ஆக மொத்தம் 18. நம் தேவைக்கு முதல் இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். சென்னையில் 1991-இல் தொடங்கிய கே7, புனேயின் குவிக் ஹீல் ஆகிய நம் நாட்டுத் தயாரிப்புகளும் உண்டு. எதுவாயினும் ஓராண்டு முடிவை மட்டும் நம்பாமல் அண்மைய முடிவுகள் சிலவற்றை ஒப்பிடுவது நலம்.

3. ‘கேம் மோட்’ வசதி உள்ளதா என்று கேளுங்கள். விளையாட்டு முழுத்திரையில் ஓடும்போது, காவலை விடாமல், அறிவிப்புகளையும் முழுச் சோதனையையும் மட்டும் தள்ளி வைப்பது இவ்வசதி. முழுச் சோதனையை நாமே இரவு உணவு நேரத்துக்குக் குறித்து வைக்கலாம்.

4. இரண்டு வேண்டாம். போர்டோ கலவையுடன் கண்ட மருந்தையும் கலந்தால் கொடி கருகும் என்பதை அப்பாக்கள் அறிவார்கள். இரண்டு ஆன்டிவைரஸ்கள் ஒரே நேரத்தில் காவல் செய்தால் ஒன்றையொன்று சந்தேகித்துக் கணினியை முடக்கும். கடையிலேயே ஏற்றித் தந்த சோதனைக் காலப் பதிப்பு காலாவதியானால், ஒன்று பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும், அல்லது முற்றிலும் நீக்க வேண்டும். நீக்கியதும் டிஃபெண்டர் மீண்டும் பொறுப்பேற்கும்.

5. இலவசம் என்றால் ஏன் இலவசம் என்று கேளுங்கள். பயனாளர்கள் இணையத்தில் எங்கெங்கே சென்றார்கள் என்ற விவரத்தை விற்றதற்காக, 2024-இல் அவாஸ்ட் நிறுவனம் 1 கோடியே 65 லட்சம் டாலர் செலுத்த வேண்டுமென்று அமெரிக்க வணிக ஆணையம் அறிவித்தது. காவலுக்கு நிற்பவரையும் நாம் கவனிக்கத்தான் வேண்டும்.

6. விளையாடுவதற்கு நிர்வாகி உரிமை இல்லாத தனிக் கணக்கு ஒன்றை அமையுங்கள். எதையேனும் நிறுவ வேண்டுமானால் அப்போது பெரும்பாலும் கடவுச்சொல் கேட்கும். கேட்கும் அந்த ஒரு நிமிடம் நமக்குச் சிந்திக்கக் கிடைக்கிறது.

தப்பித் தவறி அகப்பட்டால்

உடனே இணையத்தைத் துண்டித்து, பென் டிரைவ்களைக் கழற்றுங்கள். பணம் அனுப்ப வேண்டாம். அனுப்பினாலும் கோப்பு திரும்பும் என்பதற்கு உறுதியில்லை. வேறொரு கணினியிலிருந்து வங்கிக் கடவுச்சொற்களை மாற்றிவிட்டு, 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணுக்குத் தெரிவிக்கலாம். மத்திய அரசு 2017-இல் தொடங்கிய சைபர் ஸ்வச்சதா கேந்திரா, கெட்ட நிரல்களை நீக்கும் கருவிகளை இலவசமாகத் தருகிறது. முக்கியமான கோப்புகளுக்கு மறுபடி எடுத்ததும் அந்த வட்டைக் கழற்றிப் பீரோவில் வைப்பதே முறை. செருகியே இருக்கும் மறுபடி, வீட்டுச் சாவியைக் கதவிலேயே தொங்கவிடுவது போன்றது.

எங்கள் தோழியின் அண்ணன் இறுதியில் எதையும் விலைக்கு வாங்கவில்லை. கணினியைத் துடைத்துவிட்டு விண்டோஸை மீண்டும் நிறுவினார். டிஃபெண்டரையே வைத்துக்கொண்டு, கார்ப்பந்தய விளையாட்டை முறைப்படி கடையில் தள்ளுபடி வந்தபோது பணம் கொடுத்து வாங்கினார். “ஆன்டிவைரஸ் மேல குத்தமில்லைம்மா, நாந்தான் அதை வெளிய அனுப்பிட்டேன்” என்று அவர் தம் அம்மாவிடம் சொன்னாராம். நிர்வாகிக் கணக்கின் கடவுச்சொல் இப்போது அம்மாவிடம் இருக்கிறது. கணினியைத் தொட்டறியாத அவரிடம், புதிதாக எதை ஏற்றினாலும் அண்ணன் வந்து விளக்கிச் சொல்ல வேண்டும்.

தோழியரே, விளையாட்டு வேண்டாமென்று நாங்கள் சொல்லவில்லை. எந்தக் காவலைத் தேர்ந்தெடுத்தாலும், “அதை நிறுத்திவிட்டு உள்ளே வா” என்று அழைக்கும் எதையும் நம்பாதிருப்போம். பெற்றோர் வியர்வை சிந்தி வாங்கித் தந்த பொருளுக்கு நாம் செலுத்தும் மரியாதையும் அதுவே. இன்று வீட்டுக்குச் சென்றதும் உங்கள் கணினியில் காவல் விழித்திருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.