வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு இணையம்

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைப்பது வீட்டுவழிக் கல்வி. பேச்சில் ‘ஹோம்ஸ்கூலிங்’ என்ற சொல்தான் புழங்குகிறது. அமெரிக்காவில் 1993-க்குள் எல்லா மாநிலங்களிலும் இதற்குச் சட்ட ஏற்பு கிடைத்துவிட்டது. ஜெர்மனியில் இன்றும் அனுமதி இல்லை. இந்தியாவின் நிலை இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. 2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதையும் அது சொல்லவில்லை. வீட்டுவழிக் கல்வி பற்றிய பேச்சே அந்தச் சட்டத்தில் கிடையாது. அந்த மௌனத்துக்குள்தான் நம் நகரங்களில் சில குடும்பங்கள் பிள்ளைகளை வீட்டில் வைத்துப் படிக்க வைத்துக்கொண்டிருக்கின்றன.

காரணங்கள் வீட்டுக்கு வீடு வேறு. பிள்ளையின் உடல்நிலை, விளையாட்டுப் பயிற்சி, அடிக்கடி ஊர் மாற்றும் வேலை, மதிப்பெண் நெருக்கடி மீதான வெறுப்பு என்று பல உண்டு. காரணம் எதுவானாலும் முதல் வாரத்திலேயே எல்லா வீட்டிலும் எழும் கேள்வி ஒன்றுதான்: எதை வைத்துச் சொல்லிக்கொடுப்பது? இருபது ஆண்டுகளுக்கு முன் பாடநூலையும் பழைய புத்தகக் கடையையும் விட்டால் வேறு போக்கிடம் இல்லை. இன்றைய தொல்லை நேர் எதிரானது. இணையத்தில் பாடங்கள் கொட்டிக் கிடக்கின்றன. எதை எடுப்பது, எதை விடுவது என்று பெற்றோர் திணறுகிறார்கள். எல்லாப் பாடத்துக்கும் இணையத்தை ஒரே மாதிரி பயன்படுத்துவதுதான் இதில் நேரும் பெரிய பிழை. கணக்குக்குத் திரை செய்ய வேண்டிய வேலை வேறு, தொழில்நுட்பத்துக்கு வேறு, வரலாற்றுக்கு முற்றிலும் வேறு.

கணக்கில் பலரும் முதலில் போய்ச் சேருமிடம் கான் அகாடமி. அதன் தொடக்கமே ஒரு வீட்டுப் பாடம்தான். பாஸ்டனில் நிதி நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்த சல்மான் கான், நியூ ஆர்லியன்ஸில் இருந்த தன் உறவுக்காரச் சிறுமிக்கு 2004-இல் தொலைபேசி வழியாகக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். மற்ற உறவுப் பிள்ளைகளும் கேட்கத் தொடங்கியதால் 2006-இல் பாடங்களைக் காணொளியாக யூடியூபில் ஏற்றினார். 2008-இல் அது லாப நோக்கற்ற நிறுவனமாயிற்று. இன்றும் கட்டணம் கிடையாது. காணொளியைவிடப் பயிற்சிக் கணக்குகளே அதன் பலம். பிள்ளை விடை போட்டவுடன் சரியா தவறா என்று தெரிந்துவிடும்; தவறினால் குறிப்பு வரும்; ஒரு பாடம் கைவந்த பிறகுதான் அடுத்ததற்குப் போவது என்ற ஒழுங்கு இருக்கிறது. நாற்பது பேர் உள்ள வகுப்பில் எந்த ஆசிரியராலும் இதைச் செய்ய இயலாது.

ஆனால் அந்தக் குறிப்புக்கும் ஓர் எல்லை உண்டு. பின்னக் கூட்டல் தொடங்கும் பிள்ளை 1/3-ஐயும் 1/4-ஐயும் கூட்டி 2/7 என்று எழுதுவது எல்லா வீட்டிலும் நடக்கும். மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டிவிடுகிறது. திரை அதைத் தவறென்று காட்டி, பொதுப் பகுதி எடுக்கும் முறையை வரிசையாகச் சொல்லித் தரும். பிள்ளை அதைப் பார்த்து அடுத்த கணக்கைச் சரியாகவும் போட்டுவிடும். முதல் விடை ஏன் தவறு என்பது மட்டும் அதற்குத் தெரியாமலே போகும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மாவோ தாத்தாவோ அங்கே ஒரு கேள்வி கேட்க வேண்டும்: 2/7 பெரிதா, 1/3 பெரிதா? பிள்ளை கணக்குப் பார்க்கும். 1/3 தான் பெரிது. மூன்றில் ஒரு பங்குத் தோசையோடு இன்னும் கொஞ்சம் தோசையைச் சேர்த்தால் முதலில் இருந்ததைவிடக் குறைந்துபோகுமா? இந்த இடத்தில் பிள்ளையின் முகம் மாறும். அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது.

வடிவியலுக்கு ஜியோஜீப்ராவை மிஞ்ச ஒன்றில்லை. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்குஸ் ஹோகன்வார்ட்டர் 2001-இல் தொடங்கிய மென்பொருள் இது. இதற்கும் கட்டணம் இல்லை. ஒரு முக்கோணம் வரைந்து அதன் முனையைப் பிடித்து இழுத்தால் வடிவம் எப்படி மாறினாலும் மூன்று கோணங்களின் கூடுதல் 180 பாகையிலேயே நிற்பதைக் கண்ணால் பார்க்கலாம். தமிழ்நாட்டு அரசின் கணக்குப் பாடநூல்களில் இணையச் செயல்பாடு என்று தனிப் பக்கமே ஒதுக்கி ஜியோஜீப்ரா இணைப்புகளைத் தந்திருக்கிறார்கள். அந்தப் பாடநூல்கள் பி.டி.எஃப். வடிவில் விலையில்லாமல் கிடைக்கின்றன. ஆங்கிலக் காணொளி புரியாத வீட்டுக்கு, பாட வரிசைக்குத் தமிழ்ப் பாடநூல், பயிற்சிக்கு இணையம் என்ற கூட்டே கைகொடுக்கும். கொஞ்சம் வேகமான பிள்ளைக்குக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் என்ரிச் தளம் இருக்கிறது. ஒரே புதிரில் தம்பியும் தொடங்கலாம், அக்காவும் ஆழமாகப் போகலாம் என்ற முறையில் கணக்குகளை அமைத்திருக்கிறார்கள். எதை எடுத்தாலும் திரையில் அரை மணி, நோட்டில் ஒரு மணி என்ற அளவு நல்லது. கணக்கு கையில் ஏறுவது எழுதி எழுதித்தான்.

தொழில்நுட்பப் பாடத்தில் இந்த அளவு தலைகீழாகும். அங்கே திரைதான் பட்டறை. எம்.ஐ.டி. ஊடக ஆய்வகத்தில் மிட்செல் ரெஸ்னிக் குழுவினர் 2007-இல் வெளியிட்ட ஸ்கிராட்ச், 8 வயது முதல் பிள்ளைகளுக்கு நிரல் எழுதக் கற்றுத்தருகிறது. கட்டளைகள் வண்ணக் கட்டைகளாக இருக்கும். ஒன்றின் கீழ் ஒன்றைப் பொருத்தினால் திரையில் இருக்கும் பூனை நகரும். எழுத்துப் பிழையால் நிரல் நின்றுபோகும் எரிச்சல் இல்லை. கணினியில் இறக்கி வைத்துக்கொண்டால் இணைப்பு இல்லாதபோதும் வேலை செய்யும்.

சதுரம் வரையும் நிரலை எடுத்துக்கொள்வோம். 100 அடி நட, 90 பாகை திரும்பு, இதை 4 முறை செய். சதுரம் வந்துவிடும். அடுத்து சமபக்க முக்கோணம். அதன் கோணம் 60 என்று பாடத்தில் படித்த பிள்ளை, 60 பாகை திரும்பு, 3 முறை செய் என்று போடும். முக்கோணம் வராது, அறுகோணத்தின் பாதி வாய் திறந்தபடி நிற்கும். பிள்ளைகள் இந்த இடத்தில் எழுந்து, பூனை நடந்தபடியே தரையில் நடந்து பார்ப்பார்கள், பார்க்கவும் விட வேண்டும். நடப்பவர் திரும்புவது உள்கோணத்தின் அளவுக்கு அல்ல, வெளிக்கோணத்தின் அளவுக்கு. அது 120 பாகை. இதை விரிவுரையாகச் சொல்லிப் புரிய வைக்க ஒரு வாரம் ஆகும். 1967-இல் சிமூர் பேப்பர்ட்டும் கூட்டாளிகளும் லோகோ மொழியை உருவாக்கியது, பிள்ளை தன் உடம்பாலேயே வடிவியலை உணர வேண்டும் என்ற எண்ணத்தில்தான். ஸ்கிராட்ச் அந்த வழியில் வந்தது.

ஸ்கிராட்ச் கைவந்த பிறகு பைத்தான். பிறகு, விருப்பமுள்ள பிள்ளைக்கு இந்தியக் கணினி ஒலிம்பியாட்டின் பழைய கணக்குகள். பிறர் செய்த விளையாட்டை மணிக்கணக்கில் ஆடுவது தொழில்நுட்பக் கல்வி ஆகாது. வாரக் கடைசியில் பிள்ளை செய்து முடித்த ஒரு பொருள், அது சின்ன வாய்பாட்டு வினாடி வினாவாக இருந்தாலும் சரி, கையில் இருக்க வேண்டும்.

வரலாற்றில்தான் இணையம் தரும் செல்வம் மிகப் பெரிது. அதை எடுத்துப் பயன்படுத்தும் வீடுகள் மிகக் குறைவு. வரலாறு என்றால் அசைபடக் காணொளி ஒன்றைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவது வழக்கமாகிவிட்டது. பள்ளிப் பிள்ளைக்கு எட்டாத மூல ஆவணங்கள் வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு எட்டும், ஏனென்றால் அதற்கு நேரம் இருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அரிய நூல்கள் இருக்கின்றன. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து வைத்திருக்கிறது. கல்வெட்டுத் தொகுதிகளும், பாண்டிச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்குத் துபாஷாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு ஆங்கில மொழிபெயர்ப்பும் இணைய ஆவணக் காப்பகத்தில் படிக்கக் கிடைக்கின்றன. கீழடி அகழாய்வு பற்றிய மாநிலத் தொல்லியல் துறையின் 2019 அறிக்கையையும் முழுதாக வாசிக்கலாம்.

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர்க் கல்வெட்டை வைத்து ஒரு மாதப் பாடம் நடத்தலாம். குடவோலை முறை என்று பாடநூலில் நான்கு வரி வரும். செல்பேசிச் செய்திகளில் ‘உலகின் முதல் மக்களாட்சி’ என்று வரும். கல்வெட்டின் பாடமோ மொழிபெயர்ப்போ எதிரில் இருந்தால் கதை விரிகிறது. சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்தில், பொ.ஆ. 919-இலும் 921-இலும் வெட்டப்பட்ட இரண்டு கல்வெட்டுகள் அவை. முதலாவதில் ஊர்ச் சபையின் வாரியங்களில் உறுப்பினராவதற்கான வயது 30-க்கு மேல், 60-க்குள். இரண்டே ஆண்டில் அதை 35-க்கு மேல், 70-க்குள் என்று சபையார் மாற்றியிருக்கிறார்கள். ஏன் மாற்றியிருப்பார்கள்? இந்தக் கேள்விக்குப் பிள்ளை தானே யோசித்துப் பதில் எழுதட்டும்.

குடும்பு எனப்பட்ட முப்பது ஊர்ப் பிரிவுகளிலிருந்து ஓலைகளில் பெயர் எழுதிக் குடத்தில் போடுகிறார்கள். குடத்தை எல்லாரும் பார்க்கும்படி தூக்கிக் காட்டுகிறார்கள். விவரம் அறியாத ஒரு சிறுவன்தான் ஓலையை எடுக்க வேண்டும். அதை வாங்குபவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். கைமாற்றிவிடக் கூடாது என்பதற்காக ஆயிரம் ஆண்டுக்கு முன் செய்த ஏற்பாடு இது. பத்து வயதுப் பிள்ளை இந்த விவரத்தை மறக்காது. தேர்வான முப்பது பேரில் 12 பேர் சம்வத்சர (ஆண்டு) வாரியத்துக்கு, 12 பேர் தோட்ட வாரியத்துக்கு, 6 பேர் ஏரி வாரியத்துக்கு. கணக்குக் காட்டாமல் போனவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் பின்னர் குடத்துக்குள் பெயராக நுழைய முடியாது.

அடுத்துத் தகுதிகளைப் பார்க்க வேண்டும். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதப் பயிற்சி வேண்டும். ஒரு வேதத்தையும் ஒரு பாஷ்யத்தையும் கற்றவராக இருந்தால் அரைக்கால் வேலி போதும். ஒரு வேலி 20 மா என்பதால் கால் வேலி 5 மா, அரைக்கால் வேலி இரண்டரை மா. காலையில் படித்த பின்னம் மாலையில் கல்வெட்டில் வந்து நிற்கிறது. நிலமில்லாதவர் அந்தக் குடத்தில் உண்டா, பெண்கள் உண்டா, வேதம் படிக்க இடம் தரப்படாதவர் உண்டா என்று பிள்ளை கேட்கும். இல்லை என்பதே பதில். அந்தணர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஊரின் சபை அது. இந்த ஏற்பாட்டின் நுட்பத்தை வியக்கவும் வேண்டும், அதற்கு வெளியே நின்றவர்களை எண்ணவும் வேண்டும். ‘உலகின் முதல்’ என்று தொடங்கும் செய்திகளை நம்பி வளரும் பிள்ளைக்கு இந்த இரண்டும் ஒருசேர வாய்ப்பதில்லை. எதைப் படித்தாலும் யார் எழுதியது, எப்போது எழுதியது, எதை ஆதாரமாக வைத்து எழுதியது என்ற மூன்று கேள்விகளைக் கேட்கப் பழகிய பிள்ளைக்கு இணையம் ஆபத்தில்லை. முடிந்தால் ஒருமுறை உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கே கூட்டிப்போய்ச் சுவரில் அந்த எழுத்துகளைக் காட்டிவிட வேண்டும்.

கடைசியாகச் சான்றிதழ். 1989-இல் தேசியத் திறந்தவெளிப் பள்ளி என்று தொடங்கி, பின்னர் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் என்று பெயர் மாறிய மத்திய அரசு அமைப்பே வீட்டில் படிப்பவர்களின் முக்கிய வழி. 14 வயது நிறைந்தவர் பத்தாம் வகுப்புக்கு இணையான தேர்வுக்கும், 15 வயது நிறைந்தவர் பத்தாம் வகுப்பை முடித்த பின் பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையான தேர்வுக்கும் பதிவு செய்யலாம். ஐந்து பாடங்களில் தேற வேண்டும். ஒரே தடவையில் எழுத வேண்டியதில்லை. ஐந்து ஆண்டுக்குள் ஒன்பது வாய்ப்புகள் உண்டு.

இந்த வழியில் போகாமலே ஜெயித்த ஒரு மாணவியைப் பலரும் உதாரணம் காட்டுவார்கள். ஏழாம் வகுப்பில் பள்ளியை விட்டு நின்ற மும்பைப் பெண் அவர். பன்னாட்டுக் கணினி ஒலிம்பியாட்டில் இரண்டு வெள்ளியும் ஒரு வெண்கலமும் வென்று, 2016-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் சேர்ந்தார். பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் இல்லாததால் ஐ.ஐ.டி.யில் அவருக்கு இடமில்லை. இந்தியாவில் அவரைச் சேர்த்துக்கொண்டது சென்னைக்கு அருகே சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதக் கழகம். அவருடைய உழைப்பு பெருமைக்குரியது. ஆனால் மூன்று ஒலிம்பியாட் பதக்கங்களை நம்பி ஒரு பிள்ளையின் எதிர்காலத்தைத் திட்டமிட முடியாது. வீட்டில் எவ்வளவு நன்றாகப் படித்தாலும், 14 வயது நிறைந்ததும் திறந்தநிலைப் பள்ளியில் பிள்ளையின் பெயரைப் பதிந்துவிடுங்கள்.