செல்லுக்குள் ஒரு ஓவர்லோடு ரிலே

கேன்சர் வந்தால் ‘விதி’ என்பார்கள் எங்கள் ஊர்ப் பக்கம். எலக்ட்ரிக்கல் படிக்கிற எனக்கு அது வேறு மாதிரி தெரிகிறது. மோட்டாரில் லோடு மிஞ்சினால் ஸ்டார்ட்டரில் உள்ள ரிலே ட்ரிப் ஆகி மோட்டாரை நிறுத்திவிடும் அல்லவா? நம் செல்லுக்குள்ளும் அப்படி ஒரு ரிலே உண்டு. அதன் பெயர் பி53.

இது 393 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு புரதம். 1979-ல் கண்டுபிடித்தார்கள். கேன்சரை உண்டாக்குவதே இதுதான் என்று முதலில் நினைத்தார்கள். பாவம், 1989-ல்தான் உண்மை தெரிந்தது: நல்ல பி53 கேன்சரைத் தடுக்கிறது!

எப்படித் தடுக்கிறது? மெஷின் டிராயிங்கின் மூலப்படியை ஆபீஸில் வைத்துக்கொண்டு, பிரிண்டைத்தான் ஷாப்புக்கு அனுப்புவோம். செல்லும் அப்படியே. டி.என்.ஏ.வில் உள்ள மரபணுவுக்கு ஆர்.என்.ஏ. என்ற படி எடுத்து, அதைப் பார்த்துப் புரதம் செய்கிறது. எந்த மரபணுவை எப்போது படியெடுப்பது என்று சொல்கிற புரதங்களில் ஒன்றுதான் பி53.

சாதாரண சமயத்தில் எம்.டி.எம்.2 என்ற புரதம் பி53-ஐ அழியவைத்து அளவைக் குறைத்தே வைத்திருக்கும். டி.என்.ஏ. அடிபட்டால் அந்தப் பிடி தளரும்; பி53 பெருகும். நான்கு நான்காகச் சேர்ந்து டி.என்.ஏ.வில் போய் உட்கார்ந்து, பி21 என்ற மரபணுவைப் படியெடுக்க வைக்கும். பி21 புரதம் செல் பிரிவதை நிறுத்தும். ரிப்பேர் ஆனால் சரி, ஆகாவிட்டால் செல் தானாகவே செத்துப்போக பி53 வழி செய்யும். அந்த எம்.டி.எம்.2 மரபணுவையும் ஆன் செய்வது பி53-தான். அசல் நெகட்டிவ் ஃபீட்பேக்!

கேன்சர் செல்லில் என்ன ஆகிறது? மனிதனுக்கு வரும் கேன்சர்களில் ஏறக்குறைய பாதியில் பி53-இன் மரபணுவே பழுது. பெரும்பாலும் ஒரே ஒரு அமினோ அமிலம்தான் மாறியிருக்கும், அதுவும் டி.என்.ஏ.வைப் பிடிக்கிற பகுதியில். பிடி போனால் பி21 ஆன் ஆகாது. அடிபட்ட செல் பிரிந்துகொண்டே போகும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புகையிலைப் புகையில் பென்சோபைரீன் என்ற பொருள் இருக்கிறது. நுரையீரல் கேன்சரில் பி53 மரபணு எந்த இடங்களில் அதிகம் பழுதாகிறதோ, அதே இடங்களில்தான் இது உடலுக்குள் மாறிப் போய் ஒட்டுகிறது என்று 1996-ல் காட்டினார்கள்.

கிளாஸ் முடிந்ததும் டீக்கடையில் பீடி பற்ற வைக்கிற நண்பர்களே, லேபில் ரிலேயைக் கழற்றிவிட்டு மோட்டாரை ஓட்டச் சொன்னால் ஓட்டுவீர்களா?