விருந்தினனின் இரவும் குடிமகனின் சட்டமும்: தன்பாலீர்ப்புடையோரின் பயணக் குறிப்புகள் பற்றிய ஒரு நோக்கு

1

பயண இலக்கியம் சென்று கண்ட இடத்தைப் பற்றியது என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. சற்று ஊன்றி நோக்குமிடத்து, அது புறப்பட்ட இடத்தைப் பற்றியதுமாகும் என்பது புலனாகும். தன் நாட்டில் எது மறுக்கப்பட்டதோ அதனையே பயணி பிற நாட்டில் முதலிற் காண்கிறான். தன்பாலீர்ப்புடைய ஆண்கள் தாய்லாந்துக்குச் சென்றுவந்து எழுதும் குறிப்புகள் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

இக்குறிப்புகளில் மூன்று செய்திகள் திரும்பத் திரும்ப வருவதைக் காணலாம். பாங்கொக் நகரின் சிலோம் வீதியை அடுத்த சிறு சந்துகளில், இரவு விடுதிகளின் முன்னே அமர்ந்திருக்கும்போது எவரும் தம்மை முறைத்துப் பார்க்கவில்லை என்னும் ஆறுதல் முதலாவது. பத்தாயா, புக்கெட் முதலிய கடற்கரைத் தங்குமிடங்களில் ஆண்கள் இருவர் ஓர் அறை கேட்டபோது எவரும் முகஞ்சுளிக்கவில்லை என்னும் வியப்பு இரண்டாவது. பணியாளரின் மாறாத புன்னகையைப் போற்றுவது மூன்றாவது.

இக்குறிப்புகளை நம்மவர் இரு வகையாக விளங்கிக்கொள்வர். ஒழுக்கவாதி இவற்றிலே சீரழிவைக் காண்பான். தாராளவாதி சந்தை வழங்கிய சுதந்திரத்தைக் காண்பான். முரண்பட்டனபோலத் தோன்றும் இவ்விரு நோக்குகளுக்கும் பொதுவான குறைபாடு ஒன்றுண்டு. இரண்டும் பயணியை மட்டுமே பார்க்கின்றன. அவனுக்குக் கதவு திறந்துவிடுபவனும் அவனது படுக்கையை விரிப்பவனும் அவன் முன்னே மேடையில் ஆடுபவனும் இரு நோக்குகளிலும் இடம்பெறுவதில்லை. விருந்தினனுக்குக் கிடைக்கும் சுதந்திரத்துக்கும் அந்நாட்டுக் குடிமகனுக்குள்ள உரிமைக்கும் இடையேயான உறவு யாது என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராய விழையும் வினாவாகும்.

2

தாய்லாந்தின் இரவு வாழ்வு அந்நாட்டுப் பண்பாட்டின் இயல்பான வெளிப்பாடு என்று கூறப்படுவதுண்டு. வரலாறு வேறு விதமாகப் பேசுகிறது. 1966இல் அங்கு கேளிக்கை நிலையங்களை ஒழுங்குபடுத்தி உரிமம் வழங்கும் சட்டம் இயற்றப்பட்டது. மறு ஆண்டு, வியட்நாமில் போரிட்ட அமெரிக்கப் படையினர் ஓய்வுக்கும் கேளிக்கைக்குமாகத் தாய்லாந்து வருவதற்கு இரு அரசுகளுக்குமிடையே உடன்பாடு ஏற்பட்டது. மீனவர் ஊராயிருந்த பத்தாயா, உத்தபாவோ விமானத்தளத்துக்கு அண்மையில் இருந்தமையால், படையினரின் ஓய்வுத் தலமாக வளர்ந்தது. 1970களின் நடுப்பகுதியில் படைகள் வெளியேறின. ஆயின் அவற்றுக்காக எழுந்த விடுதிகளும் மதுச்சாலைகளும் அவற்றை நம்பி வாழப் பழகிய மக்களும் எஞ்சினர். அவ்விடத்தை உல்லாசப் பயணிகளைக் கொண்டு நிரப்பும் தேவை எழுந்தது. 1980களிலே உல்லாசப் பயணத்துறை அரிசி ஏற்றுமதியை விஞ்சி அந்நியச் செலாவணி ஈட்டும் துறையாயிற்று.

இவ்வளர்ச்சிக்கு வேண்டிய உழைப்பு எங்கிருந்து வந்தது? வரண்ட வடகிழக்கு மாகாணங்களான ஈசான் பிரதேசத்திலிருந்து நகரங்களுக்குப் பெயர்ந்த உழவர் குடும்பத்து இளைஞரும் யுவதிகளும் அதில் பெரும்பங்கு வகித்தனர். பயணி போற்றும் புன்னகை இவ்வகையில் ஒரு பண்பாட்டுப் பண்பு மட்டுமன்று. அது தொழிலின் ஒரு பகுதியுமாகும். விலைமாதர் தொழிலை 1960ஆம் ஆண்டின் சட்டமும் அதற்குப் பதிலாக வந்த 1996ஆம் ஆண்டின் சட்டமும் தடைசெய்தன. அதே தொழில் கேளிக்கை என்ற பெயரில் தொடர இடமளிக்கப்பட்டது. சட்டத்தின் கண் முன்னே இல்லாத தொழிலாளி, சட்டத்தின் பாதுகாப்பையும் கோர முடியாதவனாகிறான்.

இதனைக் கூறுவதால் பயணியின் ஆறுதல் பொய் என்று நாம் கருதுவதாக எவரும் கொள்ளலாகாது. தன் ஊரில் வாழ்நாள் முழுவதும் அஞ்சி நடந்த ஒருவன் ஒரு தெருவிலாவது அச்சமின்றி அமர்ந்திருப்பது உண்மையான மானிட அனுபவமேயாகும். தாய்லாந்து மக்களும் விருந்தினரின் சந்தைக்குக் காட்சிப்பொருளாக இருந்தோர் மாத்திரமல்லர். தன்பாலுறவைக் குற்றமாக்கிய பிரிவு 1956ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையில் இடம்பெறவில்லை. நீண்ட இயக்கத்தின் பயனாக, ஒரே பாலினத்தவரின் திருமணத்தை ஏற்கும் சட்டம் 2025 சனவரி 23இல் அங்கு நடைமுறைக்கு வந்தது. இரவு விடுதிகள் பெருகியமையும் இவ்வுரிமை பெறப்பட்டமையும் ஒன்றல்ல. பாங்கொக் விடுதிகள் நிரம்பி வழிந்த பல தசாப்தங்களில், அங்கு பணிபுரிந்தோர் தம் துணையைச் சட்டப்படி துணை என்று கூற முடியாதிருந்தனர். முன்னது பணத்துக்குக் கிடைத்தது. பின்னதைப் போராடியே பெற வேண்டியிருந்தது.

3

பயணத்தையும் தன்பாலீர்ப்பையும் சமூக விடுதலையையும் ஒருங்கே எண்ணிய ஒருவர், நூற்றிருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழரோடு தொடர்புடையவராயிருந்தும், நமது ஆய்வுலகில் உரிய இடம் பெறாதிருக்கிறார். ஆங்கிலேய சோசலிசவாதியும் கவிஞருமான எட்வேர்ட் கார்பென்டர் (1844–1929) அவர். கேம்பிரிட்ஜில் அவருக்கு நண்பரானவர் பொன்னம்பலம் அருணாசலம் (1853–1924). அந்நட்பின் காரணமாகவே கார்பென்டர் 1890இல் இலங்கை வந்தார். குருநாகலையில் நீதிபதியாயிருந்த அருணாசலத்தின் தொடர்பால் இராமசாமி என்னும் தமிழ் ஞானியைச் சந்தித்து, சில வாரங்கள் அவரிடம் பாடங் கேட்டார். இப்பயணத்தின் விளைவாக, சிவனொளிபாத மலையிலிருந்து எலிபெண்டா வரையிலான தமது அனுபவங்களைக் கூறும் நூலொன்றை 1892இல் வெளியிட்டார்.

இந்நூலைத் தாய்லாந்துக் குறிப்புகளுடன் ஒப்பிட்டு நோக்குவது பயனுடைத்து. இங்கும் ஓர் இரவு வருகிறது. ஆனால் அது மதுச்சாலையின் இரவன்று. இந்துக் கோயிலில் நடைபெற்ற இராத் திருவிழாவுக்குக் கார்பென்டர் ஓர் அத்தியாயத்தையே ஒதுக்கியுள்ளார். அவ்விரவைக் காண அவர் நுழைவுக் கட்டணம் செலுத்தவில்லை. நண்பரின் நண்பராகவே சென்றார். கலுவா என்ற சிங்களக் கிராம இளைஞன் மீது அவர் கொண்ட பற்றும் நூலிலே வெளிப்படுகிறது. சுதேசிகளோடு கலவாது ஒதுங்கி வாழ்ந்த ஆங்கிலேய அதிகாரி வர்க்கத்தை ஓடு மூடிய சிப்பிக்கு ஒப்பிட்டு அவர் எள்ளி நகையாடியதும் இவ்விடத்து மனங்கொள்ளத்தக்கது.

கார்பென்டர் வந்த காலச் சூழல் முக்கியமானது. இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவை 1883இல் இயற்றப்பட்டது. அதன் 365ஆம் பிரிவு ‘இயற்கைக்கு மாறான’ உறவைக் குற்றமாக்கியது. அவரது சொந்த நாட்டிலே 1885ஆம் ஆண்டின் திருத்தம் ஆண்களுக்கிடையேயான உறவு அனைத்தையும் தண்டனைக்குரியதாக்கியது. அதன்கீழ் ஒஸ்கார் வைல்ட் 1895இல் சிறை சென்றார். இரு நாட்டுச் சட்டத்துக்கும் ஊற்று ஒன்றே. ஆகவே கார்பென்டர் தமது அன்பின் இயல்பை 1892இன் நூலிலே வெளிப்படக் கூற முடியவில்லை. பின்னரே அதனைக் கூறத் துணிந்தார். தன்பாலன்பு பற்றிய சிறு நூலை மான்செஸ்டரில் தனிச் சுற்றுக்காக அச்சிட்டார். 1908இல் ‘இடைப்பட்ட பால்’ என்னும் பொருள்படும் நூலை வெளியிட்டார். இவ்வன்பு வர்க்க வேறுபாடுகளைக் கடக்கவல்லது என்பதும், ஆதலால் சனநாயகத்துக்குத் துணையாவது என்பதும் அவரது துணிபு. தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த ஜோர்ஜ் மெரில் என்பவருடன் மில்தோர்ப் கிராமத்தில் பல்லாண்டு கூடி வாழ்ந்து அத்துணிபை வாழ்ந்தும் காட்டினார்.

எனினும் கார்பென்டரை இலட்சிய உருவாக்கிவிடுதல் விஞ்ஞானபூர்வமான நோக்காகாது. அவருக்கு வாயில் திறந்தது ஆங்கிலங் கற்ற உயர்குடித் தமிழரின் நட்பு. பேரரசைச் சாடிய அவர், அப்பேரரசின் கப்பல்களிலும் புகைவண்டிகளிலுமே பயணஞ் செய்தார். கலுவா அவரது ஏட்டிலே வருகிறான். கலுவாவின் ஏடு என்று எதுவுமில்லை. ஆயினும் வேறுபாடு ஒன்று உளது. கார்பென்டர் தாம் கண்ட சுதந்திரத்தைத் தமக்கு மட்டும் வைத்துக்கொண்டு நாடு திரும்பவில்லை. திரும்பியபின் தம் நாட்டுச் சட்டத்தையும் ஒழுக்க விதிகளையும் எதிர்த்து எழுதினார். அருணாசலத்துடனான தொடர்பும் அறவில்லை. நண்பர் மறைந்தபின் அவரது கடிதங்களைத் தொகுத்து 1927இல் வெளியிட்டவரும் அவரே.

4

பின்வந்தோர் எல்லோரும் இவ்வழியிற் சென்றாரல்லர். அமெரிக்க எழுத்தாளர் போல் பவுல்ஸ் 1952இல் வெலிகமைக் கரையோரமுள்ள தப்ரபேன் என்னும் சிறு தீவை விலைக்கு வாங்கினார். மொரோக்கோவின் பேஸ் நகரைக் களமாகக் கொண்ட நாவலொன்றை அங்கு தங்கி எழுதினார். 1956இல் தீவை விற்றுவிட்டார். பிற்காலத்தில் அது செல்வந்தர் வாடகைக்கு எடுத்துத் தங்கும் மாளிகையாயிற்று. தனியொரு கலைஞன் தேடிய ஒதுக்கிடம் விற்பனைப் பண்டமாக மாறும் போக்கை இச்சிறு தீவின் கதையிலே காணலாம். இலங்கை அரசு 1966இல் உல்லாசப் பயணச் சபையை நிறுவியபின் இப்போக்கு திட்டமிட்ட கொள்கையாயிற்று.

இக்கொள்கையின் முரண்பாடு அண்மையில் வெளிப்படையாயிற்று. தன்பாலீர்ப்புடைய பயணிகளை வரவேற்கும் முயற்சியொன்றுக்குச் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை 2025இல் ஆதரவு தெரிவித்தது. சமயத் தலைவர்கள் சிலர் அதனைக் கண்டித்தனர். இவ்வாதத்தில் ஒரு தரப்பு அந்நியச் செலாவணியைப் பற்றிப் பேசியது. மறுதரப்பு பண்பாட்டைப் பற்றிப் பேசியது. இந்நாட்டிலே பிறந்து வாழும் தன்பாலீர்ப்புடைய குடிமக்கள் இரு தரப்புக்கும் இரண்டாம்பட்சமாயினர். ஆண்களை மட்டும் குறித்த 365அ பிரிவு 1995ஆம் ஆண்டின் திருத்தத்தால் பெண்களையும் உள்ளடக்குமாறு விரிக்கப்பட்டது. இச்சட்டத்தை நீக்கும் மசோதா அரசியலமைப்புக்கு முரணானதன்று என 2023 மே மாதத்தில் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. அத்தீர்மானம் நாடாளுமன்றத்துக்கு வழியைத் திறந்ததேயன்றிச் சட்டத்தைத் தானே நீக்கிவிடவில்லை. இந்தியாவிலோ 377ஆம் பிரிவு, வயதுவந்தோர் மனமொப்பித் தனிமையிற் கொள்ளும் உறவுக்குப் பொருந்தாது என்று 2018 செப்டெம்பர் 6இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாக்குநீரிணையின் ஒரு கரையில் உரிமையாயுள்ளது மறுகரையில் குற்றமாயிருக்கும் நிலை உருவானது.

இம்முரண்பாட்டை உணர்வதற்கு மன்னார்ப் பெருநிலத்தை நோக்குவோம். மன்னாரிலிருந்து பூநகரி நோக்கிச் செல்லும் வீதியிலே உள்ள ஊர் பாப்பாமோட்டை. சிறு நீர்நிலையைக் குறிக்கும் மோட்டை என்ற சொல்லை ஈற்றிலே கொண்ட வன்னி ஊர்களுள் ஒன்று. போரும் இடப்பெயர்வும் கண்ட பிரதேசம் இது. மன்னார்க் கரையின் காற்றையும் வங்காலைக்கு வரும் வலசைப் பறவைகளையும் நாடி இன்று வெளிநாட்டார் வருகின்றனர். அவர்களுக்கெனத் தங்குமிடங்களும் எழுகின்றன. அத்தகைய தங்குமிடமொன்றில் ஆண்கள் இருவர் ஓர் அறையில் தங்கினால் அது விருந்தோம்பலாகும். அவ்வறையைத் துப்புரவு செய்யும் பாப்பாமோட்டை இளைஞன் தன் நண்பனுடன் அவ்வாறு தங்க எண்ணுவானாயின் அவனுக்கு முன்னே நிற்பன குடும்ப மானம், சாதி, திருமணச் சந்தை, பொலிசு, சட்டக்கோவை ஆகியன. தாய்லாந்துக்குப் பயணஞ் செய்யும் வசதி அவனுக்கில்லை. பயணக் குறிப்பெழுதும் வாய்ப்பும் அவனுக்கில்லை. பெண்ணாயின் நிலை இன்னும் கடினம்; தனியே பயணஞ் செய்வதே அவளுக்கு விளக்கஞ் சொல்லவேண்டிய செயலாகிறது.

5

இடதுசாரி வாசகர் சிலர் இதனை மேட்டுக்குடியினரின் பிரச்சினை எனக் கூறி ஒதுக்குவர். இயக்கத்தின் வரலாறு அதற்கு இடந்தராது. 1898இல் ஜெர்மனிய நாடாளுமன்றத்திலே தன்பாலுறவுத் தடைச்சட்டத்துக்கு எதிராக எழுந்து பேசியவர் சமூக சனநாயகத் தலைவர் ஓகஸ்ட் பெபல். புரட்சிக்குப்பின் 1922இல் வகுக்கப்பெற்ற ருசியத் தண்டனைச் சட்டக்கோவையில் இவ்வுறவு குற்றமாக இடம்பெறவில்லை. 1934இல் அது மீண்டும் குற்றமாக்கப்பட்டமை மார்க்சியத்தின் வளர்ச்சியன்று, அதிலிருந்து நேர்ந்த பின்வாங்கலே. சிறுவரைச் சுரண்டும் அந்நியரின் கொடுமையையும் வயதுவந்தோரின் அன்பையும் ஒன்றெனக் குழப்பும் வழக்கமும் நம்மிடையே உண்டு. இக்குழப்பம் சிறுவரைக் காப்பதில்லை. சுரண்டுவோன் பணம் படைத்தவனாயின் அவன் தப்பவும், ஏழைக் குடிமகன் அகப்படவுமே உதவுகிறது.

எனவே, பயணியின் சுகானுபவத்தைப் பழிப்பதோ அதனை விடுதலை என்று கொண்டாடுவதோ நமது பணியன்று. அக்குறிப்புகளில் பேசாதிருப்போரைப் பேசுவோராக நோக்குவதே பணியாகும். ஆய்வாளரைப் பொறுத்தவரை, கார்பென்டர்–அருணாசலம் தொடர்பைச் சைவ சித்தாந்தத்தின் மேனாட்டுப் புகழாக மட்டும் எடுத்துரைக்கும் மரபைக் கடந்து, அதன் முழுமையான சமூக உள்ளடக்கத்தோடு அணுகவேண்டியுள்ளது. முற்போக்காளரைப் பொறுத்தவரை, 365ஆம், 365அ பிரிவுகளின் நீக்கத்தை உழைக்கும் மக்களின் சனநாயகக் கோரிக்கைகளுள் ஒன்றாக ஏற்கவேண்டியுள்ளது. விருந்தினனுக்கு விடுதி வழங்கும் இரவை, அறையைத் துப்புரவு செய்பவனும் தன் ஊரிலேயே, பகலிலேயே, கட்டணமின்றிப் பெறும் நாளில்தான் அது சுதந்திரம் என்ற பெயருக்கு உரியதாகும்.